எல்லா நலத்துறையையும் ஒண்ணாக்குனா அலைச்சல் கொறையுமா? - வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல நலவாரியம், உதவித்தொகை பத்தி எழுதுனதுக்கு ஈரோடு, திருப்பூர், கோவை, கரூர் பக்கத்துல இருந்து நெம்ப கடிதாசி வந்துச்சுங்க, அதுல பாதிக்கு மேல ஒரே கேள்விதான், இத்தன ஆபீசு எதுக்கு, எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டா என்னன்னு. அதனால இந்த இதழ்ப் பக்கம் முழுக்க அதுக்கே.

கேள்வி (சென்னிமலையில இருந்து ஒரு வாசகி): மாமனாரு தறிக்காரரு, கைத்தறி வாரியத்துல கார்டு இருக்கு. ஊட்டுக்காரரு கொத்தனாரு, அவருக்கு கட்டுமான வாரியம். மாமியா காட்டு வேலைக்குப் போறவங்க, அவங்களுக்கு உழவர் அட்டை. நாத்தனாளுக்கு ஊட்டுக்காரரு தவறிட்டாரு, விதவை பென்ஷனுக்கு எழுதிப் போட்டு அப்படியே நிக்குது. ஒரே ஊட்டுக்கு நாலு ஆபீசுங்க. நாலு பக்கமும் அதே ரேசன் கார்டு ஜெராக்ஸ், அதே ஆதார் ஜெராக்ஸ், அதே விஏஓ கையெழுத்து. எல்லாத்தையும் ஒரே துறையா ஆக்கிட்டா எங்கள மாதிரி ஆளுக பொழச்சுக்குவோம்ல?

பதில்: உங்க வெசனம் நூத்துக்கு நூறு நியாயமானது அம்மணி. ஆனா எதை ஒண்ணாக்கோணும்ங்கறதுலதான் விஷயமே இருக்கு, அதச் சொல்றேன், சித்த பொறுமையாப் படிங்க.

நீங்க நாலு ஆபீசுன்னு எண்ணிருக்கீங்க, ஆனா துறைன்னு பாத்தா ரெண்டுதான். கைத்தறி வாரியம், கட்டுமான வாரியம் ரெண்டும் தொழிலாளர் துறை. 1982ல தமிழ்நாட்டுல உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம்னு ஒண்ணு போட்டாங்க, அதுக்குக் கீழதான் 1994ல கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் வந்துச்சு, 1999ல உடலுழைப்புத் தொழிலாளர் நலவாரியம் வந்துச்சு, பொறவு தையல், ஆட்டோ, சலவை, முடிதிருத்தறவங்க, கைத்தறி, விசைத்தறி, வீட்டு வேலை, பனைமரம்னு தொழிலுக்கு ஒண்ணா வந்துட்டே இருந்துச்சு, 2023ல டெலிவரி பசங்களுக்கும் ஒண்ணு வந்துச்சு. போர்டு மட்டும்தான் தனித்தனி. மாவட்டத்துல எல்லா வாரியத்துக்கும் மனு வாங்கிக் கையெழுத்துப் போடறது தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்)னு ஒரே ஆபீசுதான். அதே மாதிரி உங்க மாமியாளோட உழவர் பாதுகாப்புத் திட்டமும் நாத்தனாளோட விதவை பென்ஷனும் வருவாய்த்துறைல ஒரே தனித் தாசில்தார்கிட்டத்தான் போகும்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. வாரியங்கள ஏற்கெனவே ஒரே கட்டடத்துல வெச்சாச்சு, உங்க ஊட்டுக்காரருக்கும் மாமனாருக்கும் அலைச்சல் கொறைஞ்சுதா? கொறையல. ஏன்னா ஆபீசு ஒண்ணானாலும் ஃபைல் ஒண்ணாகல. மாமனாரு குடுத்த ரேசன் கார்டு நகல அதே மேசைல இருக்கற இன்னொரு ஃபைலுக்கு எடுத்துக்க மாட்டாங்க, மறுபடி கொண்டான்னு சொல்லுவாங்க. நான் பல வருசமா சங்கத்துல உக்காந்து ஜனங்களுக்கு மனு எழுதிக் குடுத்துட்டு இருக்கேன், ஆபீசு எங்க இருக்குன்னு தெரியாம திரும்பி வந்தவங்க கொஞ்சம் பேருதான், சொன்னதையே மறுபடி மறுபடி நிரூபிக்கச் சொல்றதுல சலிச்சுப்போயி விட்டுட்டவங்கதான் நெம்பப் பேரு.

உங்க நாத்தனா கதையவே எடுத்துக்குவோம். அவங்க ஊட்டுக்காரரு இறந்தத உள்ளாட்சில பதிவு பண்ணியாச்சு. ரேசன் கார்டுல பேரு எடுக்க உணவு வழங்கல் துறைக்கும் போயிருப்பீங்க. ஆக புருசன் இல்லைங்கறது அரசாங்கத்துக்கு ரெண்டு எடத்துல தெரியும், ஆனாலும் மூணாவது எடத்துக்கு அந்தப் பொண்ணுதான் சர்டிபிகேட்டத் தூக்கிட்டுப் போய் நிக்கோணும், அதும் துக்கம் நடந்த வூட்ல இருந்து. இறப்புப் பதிவு ஆன ஒடனே தாலுகாபீசுக்குத் தானா தகவல் போயி, அங்கிருந்து ஒரு ஆளு உங்க ஊட்டுக்கு வந்து "அம்மா, உங்களுக்கு இந்தப் பென்ஷன் வரும், சம்மதம்னா இங்க கையெழுத்துப் போடுங்க"ன்னு கேட்டா எப்படி இருக்கும். அதுக்குப் பேருதான் இணைப்பு. அத விட்டுட்டு ரெண்டு துறைக்கு ஒரே செயலாளரப் போட்டு, லெட்டர்பேட மாத்தி அச்சடிச்சா சென்னிமலைக்கு ஒண்ணும் வந்து சேராது.

முடியாத காரியம் ஒண்ணும் இல்லைங்க இது. முதியோர் பென்ஷன் 2023 ஆகஸ்ட்ல 1,000 ரூபாயில இருந்து 1,200 ஆச்சு இல்லீங்களா, அதுல மத்திய அரசு திட்டத்துல வர்றவங்களுக்கு 60ல இருந்து 79 வயசு வரைக்கும் டெல்லி குடுக்கறது மாசம் 200 ரூபா, 80 ஆனா 500, மிச்சம் நம்ம மாநிலம் போடுது. வாங்கற பாட்டிக்கு அது தெரியவும் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்ல, ஒரே தொகையா வருது. காப்பீட்டு அட்டையும் அப்படித்தான், 2018 செப்டம்பர்ல முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தோட மத்திய அரசோட ஆயுஷ்மான் திட்டத்த இணைச்சாங்க, ஆஸ்பத்திரில படுத்திருக்கறவங்களுக்கு எந்த அரசாங்கம் எத்தன பங்கு போடுதுன்னு பாக்கற வேலை இல்ல, கணக்கப் பின்னாடி அவங்க பாத்துக்கறாங்க. இப்படித்தான் இருக்கோணும். சிக்கல் அரசாங்கத்துக்குள்ளயே இருக்கட்டும், ஜனங்க தோள்ல ஏத்த வேண்டாம்.

கேள்வி (திருப்பூர்ல இருந்து ஒரு தையல் தொழிலாளி): புதுச் சட்டத்துல பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டாங்கன்னு கம்பெனில பேசிக்கறாங்க. அப்ப இனிமேல் ஒரே கார்டு, ஒரே ஆபீசா?

பதில்: இல்லீங்க தம்பி, சட்டம்தான் ஒண்ணாயிருக்கு, ஆபீசு ஒண்ணாகல. 29 தொழிலாளர் சட்டத்த 4 தொகுப்பா மடக்கி 2025 நவம்பர் 21ல இருந்து அமல்னு சொன்னாங்க. அதுல சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள்ள பிஎஃப், இஎஸ்ஐ, கிராஜுவிட்டி (பணிக்கொடை), மகப்பேறு, கட்டுமான செஸ் (கட்டடச் செலவு மேல போடற தனி வரி)னு 9 சட்டம் அடங்கிருக்கு. ஆனா பிஎஃப் நிறுவனம் வேற, இஎஸ்ஐ கார்ப்பரேசன் வேற, ரெண்டும் தனித்தனியாத்தான் இருக்கு. ஒரே புஸ்தகத்துல அச்சடிச்சதால ரெண்டு நிர்வாகம் ஒண்ணாகிடாது.

இஎஸ்ஐ பத்தி நம்ம பக்கத்து ஆளுக கட்டாயம் தெரிஞ்சுக்கோணும். தமிழ்நாட்டுல இஎஸ்ஐ மொதல்ல ஆரம்பிச்சதே நம்ம கோயமுத்தூர்லதான், 1955 ஜனவரி 23. மில்லுக அத்தன ஓடுன ஊரு, அதனால மொதல்ல இங்க வந்துச்சு. இத்தன வருசத்துக்கு அப்பறமும் அதுல ஒரு பிளவு இருக்கு. கார்ப்பரேசன் மத்திய அரசோடது, மருந்தகமும் டாக்டரும் பெரும்பாலும் மாநில அரசோடது. நீங்க சீக்காப் படுத்தீங்கன்னா டாக்டரப் பாத்து லீவு சர்டிபிகேட் வாங்கறது டிஸ்பென்சரில, அந்த லீவுக்குக் காசு வர்றது கார்ப்பரேசனோட கிளை அலுவலகத்துல இருந்து. நோய்க்கால உதவித்தொகை சம்பளத்துல 70 சதவீதம், வருசத்துக்கு 91 நாள் வரைக்கும் உண்டு, நெம்ப நல்ல உரிமை அது, ஆனா ரெண்டு பக்கமும் தாள் சேரலைன்னா காசு நிக்கும். பனியன் கம்பெனில ஒரு நாள் லீவு போட்டா ஒரு நாள் கூலி போகுதுங்கறப்ப, உடம்பு முடியாததுக்கு வர்ற காச வாங்கறதுக்கு இன்னும் ரெண்டு நாள் கூலிய விடறவங்களப் பாத்தா மனசு அடிச்சுக்குது. இணைக்கறதுன்னா இங்க இருந்து ஆரம்பிக்கட்டும்னு நான் கேப்பேன், சர்டிபிகேட் போட்ட அன்னிக்கே காசு கெளம்போணும், தொழிலாளி கிளை ஆபீசு வாசல மிதிக்கவே கூடாது.

இன்னொண்ணு. இஎஸ்ஐக்கு சம்பள வரம்பு 21,000 ரூபா, பிஎஃப்புக்கு 15,000. ரெண்டும் ஒரே மாதிரின்னு நெனச்சு ஏமாந்துறாதீங்க, உங்க சம்பளச் சீட்டுல ரெண்டும் பிடிக்கறாங்களான்னு தனித்தனியாப் பாத்துக்கோங்க.

கேள்வி (ஈரோட்டுல இருந்து ஒரு கட்டட மேஸ்திரி): வாரியத்த எல்லாம் ஒண்ணாக்குனா எங்க கட்டுமான வாரியத்துப் பணம் மத்தவங்களுக்குப் போயிருமுங்களா? அது எங்களுக்காக வசூல் பண்ணுன காசு.

பதில்: உங்க பயத்துல அர்த்தம் இருக்குங்கண்ணா, இத யாரும் லேசா எடுத்துக்கக் கூடாது. 1996ல மத்திய அரசு போட்ட செஸ் சட்டத்துல ஆரம்பிச்சு (இப்ப அது மேல சொன்ன தொகுப்புக்குள்ள இருக்கு) கட்டடச் செலவுல 1 சதவீதம் வசூல் ஆகி தொழிலாளர் நலத்துக்குன்னு வாரியத்துக்கு வருது. மத்த வாரியத்துக்கெல்லாம் இந்த மாதிரி வலுவான வருமானம் கெடையாது. அதனால ஒண்ணாக்கலாம்னு பேச்சு எடுத்தாலே மொதல்ல கண்ணு போறது இந்தப் பணத்து மேலதான். நாட்டுல பல மாநிலத்துல செஸ் காசு செலவாகாமக் கெடந்ததையும், வேற வேலைக்குப் போனதையும் உச்ச நீதிமன்றமே 2018 மார்ச் தீர்ப்புல கடுமையாச் சொல்லிருக்கு, தொழிலாளிக்கு வந்த காசு தொழிலாளிக்குத்தான் போய்ச் சேரோணும்னு. 2020 கொரோனா ஊரடங்குல வாரியத்துல பதிஞ்சவங்களுக்கு ஆயிரம் ரூபா குடுக்க முடிஞ்சதும் இந்த மாதிரி வாரியமும் பட்டியலும் கையில இருந்ததாலதான், பதியாத கொத்தனாரும் சித்தாளும் கையப் பெசஞ்சுட்டு நின்னாங்க.

என்னோட நிலைப்பாடு இதுதாங்க, ஜன்னல் ஒண்ணாகட்டும், கணக்கு ஒண்ணாகக் கூடாது. கூட்டுக் குடும்பத்துல அடுப்பு ஒண்ணா எரியலாம், மருமக போட்ட சீட்டுப் பணத்த எடுத்து மச்சினனுக்குக் குடுக்க முடியாதுல்ல. தையல்காரருக்கும் சலவைத் தொழிலாளிக்கும் காசு பத்தலைன்னா அரசாங்கம் பட்ஜெட்ல இருந்து போடட்டும், இல்ல அந்தந்தத் தொழில்ல லாபம் பாக்கறவங்ககிட்ட வசூல் பண்ணட்டும், விசைத்தறிக்கும் பனியனுக்கும் அப்படி ஒரு செஸ் கேட்டுப் போராடறதுல எனக்கு முழுச் சம்மதம். ஒரு ஏழையோட பைல இருந்து இன்னொரு ஏழைக்கு எடுத்துக் குடுக்கறது சீர்திருத்தமே இல்ல.

அப்பறம் இன்னொரு பயமும் இருக்கு. தனி வாரியம்னா அதுக்குள்ள உங்க சங்கத்துப் பிரதிநிதி உக்காந்திருக்காரு, சாரத்துல இருந்து விழுகறது, சிமெண்டுத் தூசுல நெஞ்சு கெடறதுன்னு உங்க தொழில் கஷ்டம் தெரிஞ்ச ஆளு அவரு. இருவது தொழிலுக்கும் சேத்து ஒரே வாரியம்னா அந்த நாற்காலி யாருக்குங்கறது பெரிய கேள்வி. முடிதிருத்தற தொழிலாளியும் மண்பாண்டம் செய்யறவங்களும் எண்ணிக்கைல கொஞ்சம், அவங்க கொரல் அமுங்கிப் போயிரும். அதனால எணைக்கறதுன்னு வந்தா ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு இருக்கைய சட்டத்துலயே எழுதி வெக்கச் சொல்லிக் கேளுங்க.

கேள்வி (கரூர்ல இருந்து ஒரு கல்லூரி மாணவர்): வெளிநாட்டுல இப்படி நலத்துறைகள இணைச்சிருக்காங்களா? பலன் கெடச்சுதா?

பதில்: பண்ணிருக்காங்க தம்பி. நார்வேல 2006 ஜூலைல வேலைவாய்ப்பு ஆபீசையும் தேசியக் காப்பீட்டு ஆபீசையும் ஒண்ணாக்கி நாவ்னு ஒரே நிறுவனம் ஆக்குனாங்க, ஊராட்சி அளவுல இருந்த சமூக உதவி ஆபீசையும் அதோட ஒரே கூரைக்குக் கீழ கொண்டுவந்தாங்க. சீக்கா இருக்கறவன் ஒரு கதவு, வேலை இல்லாதவன் ஒரு கதவு, சோத்துக்கு வழியில்லாதவன் ஒரு கதவுன்னு தட்டிட்டுத் திரியறான், நெசத்துல இது மூணும் ஒரே ஆளா இருக்கான்னு அவங்களுக்குப் புரிஞ்சுது. எண்ணம் நல்ல எண்ணம், ஆனா ஆரம்ப வருசங்கள்ல மனுக்கள் தேங்கிப்போச்சு, ஆளுக புது வேலை பழகறதுக்குள்ள ஜனங்க காத்துக் கெடந்தாங்க. பிரிட்டன்லயும் 2002ல உதவித்தொகை ஏஜென்சியையும் வேலைவாய்ப்புச் சேவையையும் சேத்து ஜாப்சென்டர் ப்ளஸ் வந்துச்சு.

நீங்க கட்டாயம் படிக்க வேண்டியது ஆஸ்திரேலியா கதை. அங்க 1997லயே செண்டர்லிங்க்னு உதவித்தொகைக்கெல்லாம் ஒரே ஜன்னல் ஆரம்பிச்சாங்க, ஜனங்களுக்கு நெம்பச் சுளுவாச்சு. பொறவு வரித்துறைல இருந்த வருசக் கணக்கையும் உதவித்தொகைக் கணக்கையும் கம்ப்யூட்டர்ல ஒப்பிட்டு, வருச வருமானத்த ரெண்டு வாரத்துக்கு ஒருக்கான்னு சராசரியா வகுத்து, நீ ஜாஸ்தி வாங்கிட்ட, திருப்பிக் கட்டுன்னு லட்சக்கணக்கான பேருக்கு நோட்டீசு போச்சு. ரோபோடெட்னு அதுக்குப் பேரு. வருசத்துல ஆறு மாசம் வேலை, ஆறு மாசம் சும்மாங்கறவனுக்கு சராசரி எப்படிப் பொருந்தும்? வாங்காத கடனுக்குப் பணம் கட்டுனாங்க, மனசு ஒடஞ்சு போனாங்க. அது நியாயமும் இல்ல, சட்டப்படியும் இல்லன்னு 2023 ஜூலைல அரசு விசாரணை ஆணையமே அறிக்கை குடுத்துச்சு. துறைய இணைச்சதால வந்த தப்பு இல்ல அது, ரெண்டு கணக்க மனுசன் கண்ணு படாம மிஷினு சேத்ததால வந்தது.

இத ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்றேன்னா நம்ம பக்கத்துலயும் வருமானம் அப்படித்தானே. சோமனூர், பல்லடத்துல தறி ஓடற மாசம் ஓடும், கூலிப் பேச்சுவார்த்தை இழுத்தா மாசக்கணக்கா நிக்கும். மஞ்சள் வேவிக்கற காலத்துல கையில காசு பொழங்கும், மிச்ச நாளு ஒண்ணும் இருக்காது. ஆதார்ல ஒரு இனிஷியல், ரேசன் கார்டுல ஒரு இனிஷியல், பொறந்த வருசம் உத்தேசமாப் போட்டதுன்னு இருக்கற பாட்டிமாருக எத்தன பேரு. தகவல் தனித்தனியா இருக்கறப்ப ஒரு எடத்துத் தப்பு ஒரு உதவியத்தான் நிறுத்தும், எல்லாம் ஒண்ணாச் சேந்தா ஒரு தப்பு ரேசன், பென்ஷன், காப்பீடு அத்தனையையும் ஒரே நாள்ல நிறுத்திப்போடும். அதனால இணைக்கற சட்டத்துலயே ஒரு வரி வேணும், ஒரு மனுசன் நேர்ல போயி விசாரிக்காம யாரோட உதவித்தொகையும் நிறுத்தக் கூடாதுன்னு. தம்பி, நீங்க இதப் பத்தி ப்ராஜெக்ட் பண்றதா இருந்தா அந்த ஆணையத்து அறிக்கைல பாதிக்கப்பட்டவங்க குடுத்த சாட்சியத்த மொதல்ல படிங்க.

கேள்வி (தாளவாடியில இருந்து ஒரு வாசகர்): கலெக்டர் ஆபீசுல எல்லாத்தையும் ஒண்ணா வெச்சா ஈரோட்டுல இருக்கறவங்களுக்கு லாபம். நாங்க திம்பம் மலை எறங்கி வரோணும்.

பதில்: இந்த ஒரு வரிக்காகவே உங்களுக்கு நன்றி சொல்றேனுங்க. இருவத்தேழு கொண்டை ஊசி வளைவு எறங்கி, சத்தி தாண்டி, ஈரோடு வந்து, "அதிகாரி மீட்டிங் போயிட்டாரு, நாளைக்கு வாங்க"ன்னு சொன்னா அந்த மனுசன் நாளைக்கு எங்க வருவாரு? இணைப்புன்னாலே மேல கொண்டுபோயி வெக்கறதுன்னு ஒரு பழக்கம் இருக்கு, செலவு மிச்சம்னு கணக்குக் காட்ட அது தோதா இருக்கும், ஆனா அந்தச் செலவு பஸ் சார்ஜாவும் போன கூலியாவும் உங்க தலைல வந்து விழுது. மக்களுடன் முதல்வர் முகாம் 2023 டிசம்பர்ல கோவைலதான் தொடங்குச்சு, பல துறை மனுவ ஒரே எடத்துல வாங்குனது நல்ல காரியம், அத நான் மனசாரப் பாராட்டறேன். ஆனா முகாம் முடிஞ்ச பொறவு மனு பிரிஞ்சு அந்தந்தத் துறைக்குத்தானே போகுது. இ-சேவை மையமும் அப்படித்தான், வாங்கற ஜன்னல் ஒண்ணு, முடிவு பண்ற மேசை பத்து. தாலுகாவுக்கு ஒரு ஆள உக்கார வெச்சு, எந்தத் துறையா இருந்தாலும் சின்ன உதவிகளுக்கு அவரே கையெழுத்துப் போடலாம்னு அதிகாரம் குடுக்கோணும், தாளவாடி, கடம்பூர் மாதிரி மலைக்கு அவரே கெழமைல ஒரு நாளு வரோணும்.

கேள்வி (கோபியில இருந்து, பேரு போட வேண்டாம்னு எழுதுனவங்க): ஊட்டுக்காரரு ஒரு நல ஆபீசுல ஜூனியர் அசிஸ்டெண்ட். எணைச்சா வேலைக்கு ஆபத்து வருமா?

பதில்: நிரந்தர ஊழியருக்கு வேலை போகாது அம்மணி, ஆனா சீனியாரிட்டி யாருக்குக் கீழ யாருங்கற சண்டை வரும், அத இணைக்கறதுக்கு முந்தியே எழுத்துல தீத்துக்கச் சொல்லி அவங்க சங்கம் கேக்கோணும். தற்காலிக ஆளுக நெலமதான் கவலை. ஆள் கொறைக்கறதுக்காக எணைக்கறதுன்னா நான் அத எதிர்ப்பேன், இப்பவே ஒரு மேசைல மூணு பேரு வேலைய ஒருத்தர் பாக்கறாரு, மனு தேங்கறதுக்கு அதுதான் பாதிக் காரணம்.

கேள்வி (அவினாசியில இருந்து ஒரு வாசகர்): இதெல்லாம் நடக்கறப்ப நடக்கட்டும், இப்ப நாங்க என்ன பண்ணி வெக்கோணும்?

பதில்: ஊட்ல இருக்கற எல்லாரோட ஆதார், ரேசன் கார்டு, பேங்க் பாஸ்புக் மூணையும் ஒண்ணா வெச்சு பேரு, இனிஷியல், பொறந்த தேதி எழுத்து விடாம ஒத்துப் பாருங்க, ஒத்துவரலைன்னா இன்னிக்கே திருத்தக் குடுங்க, நாளைக்கு எந்த இணைப்பு வந்தாலும் அடி விழுகறது அங்கதான். வாரியத்துல சேர 18ல இருந்து 60 வயசு வரைக்கும்தான், 59 ஆன ஒரம்பரை யாராவது இருந்தா உடனே சேத்து விடுங்க, 60 தாண்டிட்டா புதுசாச் சேர முடியாது. ஏற்கெனவே கார்டு இருக்கறவங்க புதுப்பிக்கற தேதியப் பாருங்க, அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கோணும். நியமனதாரர் (நாமினி) பேரு சரியா இருக்கான்னும் பாருங்க, கல்யாணத்துக்கு முந்தி சேந்தவங்க அம்மா பேரு போட்டுருப்பாங்க, அப்படியே விட்டிருப்பாங்க. மனுப் போட்டா ஒப்புதல் சீட்டு நெம்பர ஃபோன்ல படம் எடுத்து வெச்சுக்கோங்க, சீட்டு குடுக்கலைன்னா கேட்டு வாங்குங்க.

அடுத்த இதழ்ல விதவை பென்ஷன் மனு நின்னு போறதுக்கு என்னென்ன காரணம்னு தனியா எழுதறேன். உங்க மனுவுக்கு வந்த பதில் கடுதாசி இருந்தா பேரு, வெலாசம், ஆதார் நெம்பர மறைச்சுட்டு நகல் அனுப்புங்க.